ஒரே விலை, இரண்டு சைக்கிள்

மூன்றரை லட்ச ரூபாய்க்கு சைக்கிள் வாங்கப்போகிறேன் என்று சொன்னால் நம் ஊரில் மூன்று விதமான எதிர்வினை வரும். முதலாவது, "மோட்டார் வச்சதா சார்?" இரண்டாவது, "அந்தக் காசுக்கு புல்லட்டே வாங்கிடலாமே!" மூன்றாவது ஆசாமி எதுவும் கேட்பதில்லை. பக்கத்தில் நிற்கும் நம் மனைவியை அனுதாபமாக ஒரு பார்வை பார்த்துவிட்டு காபியை எடுத்துக்கொள்வார்.

மோட்டார் கிடையாது. புல்லட் வாங்கலாம்தான். ஆனால் புல்லட் ஓட்டினால் சர்க்கரை குறையாது. எனக்கு 42 வயதில் ஹெச்பிஏ1சி 7.4 இருந்தது. டாக்டர் நடக்கச் சொன்னார். நடை எனக்கு போரடித்ததால், 28,000 ரூபாய்க்கு நேர் ஹேண்டில்பார் வைத்த ஹைப்ரிட் சைக்கிள் ஒன்று வாங்கி, திருவான்மியூரிலிருந்து முட்டுக்காடு வரை போய்வர ஆரம்பித்தேன். ஐந்து வருஷம் ஆயிற்று. போன முறை ரிப்போர்ட்டில் 6.1. மாத்திரையும் சாப்பாடும் காரணம்தான். ஆனாலும் ஈசிஆருக்குத் தனியாக ஒரு நன்றி சொல்ல வேண்டும்.

அந்த சைக்கிளில் நாற்பது, ஐம்பது கிலோமீட்டர் போகலாம். 200 கிலோமீட்டர் 'பிரெவே' போக வேண்டும் என்று ஆசை வந்தபோதுதான் ரோட் பைக் பற்றிய யோசனை வந்தது. பிரெவே என்பது ரேஸ் கிடையாது. 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடித்தால் போதும். முதலில் வந்தவனுக்கும் கடைசியில் வந்தவனுக்கும் ஒரே மரியாதை. கணக்குப் பிள்ளைகளுக்கேற்ற விளையாட்டு.

பணத்துக்கு மனைவி பெயரில் இரண்டு வருஷ ரெக்கரிங் டெபாசிட். எனவே வீட்டோ அதிகாரமும் அவளுடையது. 2025 செப்டம்பரில் சைக்கிளுக்கான ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்ததும், "இப்ப வாங்கலைன்னா எப்பவும் வாங்க மாட்டீங்க" என்று சாங்ஷன் கொடுத்துவிட்டாள். ஒரே ஒரு நிபந்தனை. "எதிர் ஃப்ளாட்டுல டிரெட்மில் வாங்கி அதுல துண்டு காயப்போடறாங்க. அந்த மாதிரி ஆகக் கூடாது."

அப்போது இந்த நிபந்தனையை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மொத்தப் பிரச்னையும் அதற்குள்தான் இருந்தது.

கடைசிச் சுற்றுக்கு வந்தவை இரண்டு. ஒன்று சிவப்பு, இன்னொன்று சாம்பல். வேறு வேறு கம்பெனி. விலை வித்தியாசம் நாலாயிரம் ரூபாய். இரண்டிலும் கார்பன் பிரேம், ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக், ஷிமானோவின் '105' என்கிற 12 கியர் செட். ஷிமானோ 1921-ல் ஒசாகா பக்கத்தில் சாகாய் என்ற ஊரில் ஆரம்பித்த ஜப்பான் கம்பெனி. உலகத்தில் எந்தக் கம்பெனியின் ரோட் பைக்கை வாங்கினாலும், பல்சக்கரத்தில் அவர்கள் பெயர் இருக்கப் பெரிய வாய்ப்பு உண்டு.

சரி, கம்பெனிப் பெயரை வைத்து முடிவு செய்யலாமா என்றால் அதுவும் அவ்வளவு சுலபமில்லை. 1972-ல் தைவானில் ஆரம்பித்த ஜயன்ட், தன் பெயரில் விற்பதோடு மற்ற கம்பெனிகளுக்கும் சைக்கிள் செய்து கொடுத்தே பெரிதான நிறுவனம். அமெரிக்காவின் ஸ்பெஷலைஸ்டில் தைவானின் மெரிடாவுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. பெயர்ப்பலகை அமெரிக்கா, பிரேம் பிறந்தது ஆசியா என்பது இந்தத் தொழிலில் சகஜம்.

பி.காம் படித்தவன் இப்படிப்பட்ட நேரத்தில் என்ன செய்வான்? நோட்டில் நடுவே கோடு போடுவான். இடது பக்கம் சிவப்பு, வலது பக்கம் சாம்பல். சிவப்பின் பிரேம் இலகுவானது. மொத்த சைக்கிளும் 600 கிராம் குறைவு. சாம்பலில் சக்கரம் உயர்ந்த ரகம். சிவப்பில் கேபிள் எல்லாம் உள்ளே ஒளிந்துகொண்டு பார்க்க சினிமா நடிகர் மாதிரி இருக்கிறது. சாம்பலில் கேபிள் கொஞ்சம் வெளியே தெரிகிறது. ஆனால் ஹேண்டிலின் பேரிங்கை மாற்றுவதென்றால் பிரேக் ஹோஸைக் கழற்றாமல் வேலை முடியும், கூலி மிச்சம். இப்படி ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டே போனால் கடைசியில் இரண்டு பக்கமும் டேலி ஆகிவிட்டது.

டேலி ஆனால் சந்தோஷப்படக் கூடாது என்று எங்கள் அக்கவுண்டன்ஸி புரொபசர் சொல்லுவார். டிரையல் பேலன்ஸ் சரியாக வந்துவிட்டாலே கணக்கு சரி என்று அர்த்தமில்லை. ஒரு இடத்தில் நூறு ரூபாய் கூடி, இன்னொரு இடத்தில் நூறு ரூபாய் குறைந்தால் கூட்டல் சரியாகத்தான் வரும். அதற்கு ஈடுசெய் பிழை என்று பெயர். இரண்டு பொருள் ஒரே விலையில் இருப்பதும் ஏறக்குறைய அதே கதை. ஒன்றில் பிரேமில் செலவழித்ததை இன்னொன்றில் சக்கரத்தில் செலவழித்திருக்கிறார்கள். கூட்டுத்தொகை ஒன்றாக இருக்கிறது என்பதைத் தவிர விலை நமக்கு வேறெதையும் சொல்வதில்லை. எந்த வரி எனக்கு வேண்டியது, எந்த வரி வேண்டாதது என்று ஒவ்வொன்றாக டிக் அடித்துப் பார்க்க வேண்டியதுதான்.

முதலில் எடை. சைக்கிள் பிரியர்கள் நகைக்கடைக்காரர்கள் மாதிரி கிராமில் பேசுவார்கள். சர்வதேச சைக்கிள் சங்கமான யூசிஐ, ரேஸ் சைக்கிள் 6.8 கிலோவுக்குக் குறையக் கூடாது என்று 2000-லிருந்து விதி வைத்திருக்கிறது. அந்த அளவுக்கு எடை குறைப்பதில் வெறி. நம் கணக்கைப் பார்ப்போம். நான் 78 கிலோ. சைக்கிள், தண்ணீர், ஷூ எல்லாம் சேர்த்து 88. இதில் 600 கிராம் என்பது 0.7 சதவீதம். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஒரு மணி நேரம் மூச்சு வாங்க ஏறினால், சிவப்பு எனக்கு மிச்சம் பிடித்துத் தருவது சுமார் 25 விநாடி. ஒரு வளைவில் நின்று கடலை உருண்டை வாங்கினாலே போயிற்று. ஈசிஆர் மாதிரி சமதரையில் அதுவும் கிடைக்காது. தவிர, ஒரு பெரிய பாட்டில் தண்ணீர் 750 கிராம். குடித்துவிட்டால் சைக்கிள் இளைத்துவிடுகிறது!

மலை என்றால் எடையைவிட கியர்தான் முக்கியம். சிவப்பில் முன்னால் 52-36 பல், பின்னால் அதிகபட்சம் 34. சாம்பலில் முன்னால் 50-34, பின்னால் 36. ஆகச் சின்ன கியரில் சிவப்பை ஒரு சுற்று மிதித்தால் சுமார் 2.2 மீட்டர் முன்னேற வேண்டும். சாம்பலில் 2 மீட்டருக்கும் ஒரு பிசிறு குறைவு. படிக்கட்டின் உயரத்தைக் கொஞ்சம் குறைத்துக் கட்டின மாதிரி. பத்துப் படியில் தெரியாது. ஆயிரம் படியில் முட்டி சொல்லும்.

அடுத்தது காற்று. சமதரையில் 30 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டுவிட்டால் நம் உழைப்பில் பெரும் பகுதியைக் காற்றுதான் தின்கிறது. காற்றைக் கிழிக்கத் தேவையான சக்தி வேகத்தின் கனத்தில் ஏறும். 25-லிருந்து 30-க்குப் போக, வேகம் 20 சதவீதம்தான் கூடுகிறது. காற்றுக்குக் கட்டும் வரி 73 சதவீதம் கூடுகிறது. இன்கம்டாக்ஸ்காரர்கள்கூட இப்படி ஸ்லாப் போட்டதில்லை. அதனால்தான் பிரேமைக் கத்தி மாதிரி வடிக்கிறார்கள். ஆனால் அந்தக் காற்றில் பெரும் பங்கை வாங்குவது சைக்கிள் இல்லை, மேலே உட்கார்ந்திருக்கிற ஆள். என் தொப்பையையும் தோளையும் எந்தக் கார்பனும் வடிக்க முடியாது. குனிந்தால் காற்று குறையும். ஆக, கேள்வி சைக்கிளை விட்டு என் முதுகுக்கு வந்துவிட்டது.

கடைப் பையன் அதைத்தான் வேறு மாதிரி சொன்னான்.

"சார், இது ரேஸ் ஜியாமெட்ரி. அது என்டூரன்ஸ் ஜியாமெட்ரி. உங்க ஏஜுக்கு என்டூரன்ஸ் எடுத்துக்குங்க சார்."

47 வயசுக்காரனிடம் சொல்லக்கூடாத வாக்கியம். எனக்கு சிவப்பின் மேல் பாசம் பொங்கியது.

பையன் சொன்னதில் விஷயம் இருந்தது. பெரிய கம்பெனிகள் எல்லாமே இப்படி ஜோடி ஜோடியாகத்தான் செய்கின்றன. ஜயன்டில் டிசிஆர், டிஃபை. ஸ்பெஷலைஸ்டில் டார்மாக், ரூபே. கேனன்டேலில் சூப்பர்சிக்ஸ், சினாப்ஸ். முதலில் சொன்னது ஓடுகிற குதிரை, இரண்டாவது ஊர் போய்ச் சேருகிற குதிரை. வித்தியாசம் முக்கியமாக இரண்டு அளவுகளில். பெடல் மையத்திலிருந்து ஹேண்டிலைத் தாங்கும் குழாயின் மேல்முனை எவ்வளவு உயரம்; எவ்வளவு தூரம் முன்னால். உயரத்துக்கு ஸ்டாக், தூரத்துக்கு ரீச் என்று பெயர். சிவப்பில் ஹேண்டில் தணிந்து, தள்ளி இருக்கிறது. சாம்பலில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் உயர்ந்து, கிட்டே இருக்கிறது. இரண்டு சென்டிமீட்டர் என்ன பெரிய விஷயம் என்று கேட்டால், செருப்பு ஒரு சைஸ் சின்னதாகப் போட்டு மெரினாவில் நடந்து பாருங்கள்.

"என்டூரன்ஸ்னா சொகுசா இருக்குமாமே" என்று இதற்கு விளக்கம் சொல்கிறவர்கள் உண்டு. அதில் பாதிதான் உண்மை. பிரான்ஸின் பாரிஸ்–ரூபே ரேஸில் மொத்தம் 260 கிலோமீட்டர் சொச்சத்தில் 50 கிலோமீட்டருக்கு மேல் பழங்காலக் கருங்கல் பாதை. எலும்பு கழன்றுவிடும். 2023, 2024, 2025 மூன்று வருஷமும் அதை ஜெயித்த நெதர்லாந்துக்காரர் மாத்தியூ வான் டெர் பூல், சொகுசு சைக்கிளில் போகவில்லை. சுத்தமான ரேஸ் சைக்கிளில் அகலமான டயரைப் போட்டுக்கொண்டு போனார். அதிர்வைப் பெருமளவு விழுங்குவது டயரும் அதற்குள் இருக்கும் காற்றின் அளவும்தான். ஒரு காலத்தில் 23 மில்லிமீட்டர் டயரைக் கல் மாதிரி அடித்துக்கொண்டு ஓட்டினார்கள். இப்போது 28, 30, 32 என்று வந்தாயிற்று, காற்றும் குறைவு. ஆகவே சொகுசு வேண்டுமென்றால் டயரை மாற்றிக்கொள்ளலாம். பிரேமின் அளவை அப்படி மாற்ற முடியாது. வாங்கும்போது உற்றுப் பார்க்க வேண்டியது அதைத்தான்.

இந்த ஞானத்தை எனக்குக் கொடுத்தவர், ஞாயிறு காலைகளில் எங்களோடு வரும் ஒரு அம்மாள். பாங்கில் மேனேஜராக இருந்து ரிடையரானவர். வயது 61. ஓட்டுவது ரேஸ் ஜியாமெட்ரி. ஏஜ் கதையைச் சொல்லி அவரிடம் புலம்பினேன்.

"ஏஜா? கடைக்காரனுக்கு என்ன தெரியும். நீங்க எழுந்து நில்லுங்க. முட்டியை மடக்காம குனிஞ்சு தரையைத் தொடுங்க."

ஈசிஆர் டீக்கடை வாசலில் குனிந்தேன். விரல் நுனி கணுக்காலுக்கு ஒரு சாண் மேலே நின்றுவிட்டது. அவர் அதே இடத்தில் குனிந்து உள்ளங்கை இரண்டையும் தரையில் பதித்தார். முப்பது வருஷ யோகா. டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் ஆற்றுவதை நிறுத்திவிட்டார்.

"வயசுல ஒண்ணும் இல்ல சார். தொடைக்குப் பின்னாடி இருக்கற தசை, இடுப்பு, கழுத்து... இந்த மூணும் என்ன சொல்லுதுன்னு கேளுங்க. எனக்கு இது ஒத்து வருது. உங்களுக்கு வருமான்னு ஒரு மணி நேரம் ஓட்டிட்டு, மறுநாள் காலையில முடிவு பண்ணுங்க."

மறுநாள் காலை என்பதுதான் இதில் முக்கியமான சொல். ஷோரூமில் எல்லா சைக்கிளும் நன்றாகத்தான் இருக்கும், பெண் பார்க்கப் போன அன்றைக்கு பஜ்ஜி நன்றாக இருப்பதைப் போல.

கடையில் பேசி, இரண்டையும் வேறு வேறு ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் வாங்கிக்கொண்டேன். இரண்டிலும் ஒரே 28 டயர், ஒரே அளவு காற்று வைக்கச் சொன்னேன். இல்லாவிட்டால் டயரின் குணத்தைப் பிரேமின் குணம் என்று நினைத்துக்கொள்வோம்.

சிவப்பைப் பற்றிப் பொய் சொல்ல மாட்டேன். அது ஒரு பிசாசு. மிதித்த மாத்திரத்தில் பாய்ந்தது. அக்கரையைத் தாண்டினதும் ரோடு நீண்டு கிடந்தது. ஹேண்டிலின் வளைந்த கீழ்ப்பகுதியைப் பிடித்துக் குனிந்தபோது, காதில் காற்று விசில் அடித்தது. பத்து நிமிஷத்துக்கு எனக்கு இருபத்தைந்து வயசு. நாற்பதாவது நிமிஷம் கழுத்தின் பின்பக்கம் யாரோ கட்டை விரலை வைத்து அழுத்த ஆரம்பித்தார்கள். பெரிய வலி இல்லை. ரோட்டைப் பார்க்கத் தலையை நிமிர்த்த வேண்டியிருந்தது, கழுத்து நிமிர யோசித்தது. இருபது வருஷம் கம்ப்யூட்டர் முன்னால் நியூஸ் அடித்த கழுத்து அது. மறுநாள் காலை காரை ரிவர்ஸ் எடுக்கும்போது, கழுத்தைத் திருப்ப முடியாமல் உடம்பு மொத்தத்தையும் திருப்பினேன்.

அடுத்த வாரம் சாம்பல். பாய்ச்சல் இல்லை. ஓட்டிக்கொண்டிருக்கிறோம் என்பதே மறந்துபோய், வழியில் ஒரு கட்டுரைக்குத் தலைப்பெல்லாம் யோசித்தேன். கானத்தூர் பக்கம் வரிசையாக வந்த வேகத்தடைகளிலும் கை மரத்துப்போகவில்லை. முடித்தபோது சராசரி வேகம் சிவப்பைவிட ஒரு கிலோமீட்டருக்கும் குறைவாகவே பின்தங்கி இருந்தது. கடைசி கால் மணி நேரத்தில் சிவப்பைவிட வேகம். சோர்ந்தவன் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவான். நிமிர்ந்த ஆளைக் காற்று பிடித்துக்கொள்ளும். குனிய முடியாதவனுக்கு ரேஸ் சைக்கிளின் காற்று மிச்சம் காகிதத்தில்தான். மறுநாள் காலை காரை ரிவர்ஸ் எடுத்தேன். கழுத்து திரும்பியது.

சிவப்பை விட மனசில்லாமல் மெக்கானிக்கிடம் கேட்டேன். "ஹேண்டிலை மட்டும் தூக்கி வச்சுடலாமா?"

"தூக்கலாம் சார். அடியில ஸ்பேசர் போடலாம். ஆனா கார்பன் ட்யூபுக்கு எவ்வளவு போடலாம்னு கம்பெனி ஒரு லிமிட் வச்சிருக்கான், அதுக்கு மேல போகக் கூடாது. ஸ்டெம்மைக் குட்டையாப் போட்டா வண்டி துறுதுறுன்னு திரும்பும். ரேஸ் வண்டியை வாங்கி அதை என்டூரன்ஸா மாத்தறதுக்கு, என்டூரன்ஸையே வாங்கிடலாமே சார்."

எம்பிஏ படித்தவர்கள் ஸ்லைடு போட்டுச் சொல்வதை கிரீஸ் கையோடு சொல்லிவிட்டார்.

நம் தலைமுறைக்கு ஒரு பழக்கம் உண்டு. மணிக்கு இவ்வளவு என்று வாடகைக்கு எடுத்த பெரிய சைக்கிளில், கால் எட்டாமல் பாருக்கு நடுவே காலை விட்டுக் குரங்குப் பெடல் அடித்துத்தான் ஓட்டக் கற்றோம். சைக்கிள் எந்த அளவோ அந்த அளவுக்கு உடம்பை வளைத்தோம். அம்பத்தூரில் 1949-ல் டிஐ சைக்கிள்ஸ் ஆரம்பித்து, ஹெர்குலிஸும் பிஎஸ்ஏவும் தெருவெல்லாம் ஓடிய காலத்திலும், வீட்டுக்கு ஒரு சைக்கிள்தான். அப்பா, அண்ணன், நான் எல்லாரும் அதற்குள் நம்மைப் பொருத்திக்கொண்டோம். பொருள்தான் பெரிது, நாம் அட்ஜஸ்ட் செய்துகொள்ள வேண்டும் என்பது அப்படி ஊறிவிட்டது. மூன்றரை லட்சம் கொடுத்த பிறகும் அழகாக இருக்கிற சைக்கிளுக்கு நம் கழுத்தை அட்ஜஸ்ட் செய்யத் தயாராகிறோம். பாங்க் அம்மாள் சிவப்பு ரகத்தில் சந்தோஷமாகப் போகிறார் என்றால், அது அவருக்குப் பொருந்துகிறது. அவர் மாதிரி ஆக வேண்டுமென்றால் நான் வாங்க வேண்டியது யோகா பாய். விலையும் குறைவு.

சாம்பலை வாங்கினேன். கூடவே பின் கியரைப் பிரேமோடு இணைக்கும் சின்ன அலுமினியத் துண்டு, ஹேங்கர் என்பார்கள், அதில் ஒரு உபரியும் வாங்கினேன். சைக்கிள் கீழே விழுந்தால் பிரேமைக் காப்பாற்றித் தான் வளைந்துகொள்கிற தியாகி அது. மாடலுக்கு மாடல் வேறு. நடு ரோட்டில் தேடினால் கிடைக்காது. இரண்டு சைக்கிளுக்கு நடுவே திணறிக்கொண்டிருக்கிற வாசகர் யாராவது இருந்தால், வாங்குமுன் கடைக்காரரிடம், "ஹேங்கர் ஸ்டாக் இருக்கா?" என்று கேளுங்கள். அவர் முழிப்பதை வைத்தே பாதி முடிவு எடுத்துவிடலாம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சிவப்பு ரகம் என்னைத் தாண்டிப் போகும்போது இன்னமும் மனசு கொஞ்சம் கூடவே ஓடுகிறது. ஓடட்டும். அதற்குத் தேய்மானம் கிடையாது.

தேய்மானம் என்றதும் ஞாபகம் வருகிறது. பில்லைப் ஃபைல் செய்துகொண்டே மனைவி கேட்டாள். "ஏங்க, இதை எத்தனை வருஷத்துல ரைட் ஆஃப் பண்ணுவீங்க?"

பின் பக்கம் நின்றிருந்தாள். கழுத்தைத் திருப்பிப் பதில் சொன்னேன். "பத்து."